பல்புக்குக் கீழே உலகக் கோப்பை

நாம் எல்லோரும் இப்போது திருட்டுப் பொருளின் மேல் உட்கார்ந்திருக்கிறோம்.

பதற வேண்டாம். நாற்காலியை விட்டு எழவும் வேண்டாம். வணக்கம் சொல்வதற்கு முன்பு உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். உண்மைக்குப் பின்னால் வருகிற வணக்கத்தில்தான் கொஞ்சமாவது மரியாதை இருக்கும். இதோ அந்த வணக்கம்.

இந்தப் பாராட்டு விழாவுக்குத் தலைமை தாங்கும் அரங்க நிர்வாகக் குழுத் தலைவர், மதிப்புக்குரிய மயில்சாமி அய்யா அவர்களே! முட்டை லோடை அனுப்பிவிட்டு, முழுக்கைச் சட்டை மாற்றிக்கொண்டு, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! லாரிப் பட்டறையில் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி வைத்த கையோடு வந்திருக்கும் அண்ணன்மார்களே! தறியை நிறுத்திவிட்டு வந்தும், தறிச்சத்தம் இன்னும் காதுக்குள் ஓட, நான் பேசுவதைக் கொஞ்சம் குனிந்து கேட்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோடு சுவராக நிற்கும் தங்கைகளே! தோளில் பொன்னாடை, மடியில் கேடயம், இரண்டையும் என்ன செய்வதென்று தெரியாமல் இந்த மேடையில் உட்கார்ந்திருக்கும் எங்கள் அணிப் பெண்களே! உங்களை எனக்கு முன்னால் பேசியவர் சிங்கங்கள் என்றார், புலிகள் என்றார். நான் பெண்கள் என்றே சொல்கிறேன். அதற்குமேல் ஒரு பட்டம் உங்களுக்குத் தேவையில்லை. உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் ரஞ்சனி. வெண்ணந்தூரில் விசைத்தறி ஓடும் வீட்டில் பிறந்தவள். மாநில அளவிலான உள்ளரங்கக் கால்பந்துப் போட்டியில் இரண்டாம் இடம் வாங்கி வந்திருக்கும் இந்தப் பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பவள். எனக்கு விழாக்குழு ஒரு தலைப்புக் கொடுத்தது: 'உலக உள்ளரங்கக் கால்பந்துக் கோப்பையின் வரலாறு.' பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். ஆனால் வரலாறு என்பது எங்கோ வெளிநாட்டில் நடப்பது என்று நினைத்துத்தானே இந்தத் தலைப்பைக் கொடுத்தீர்கள்? அது உங்கள் காலடியில், இந்தச் சிவப்புக் கம்பளத்துக்கு அடியில் கிடக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

உருகுவே என்று ஒரு நாடு. நம்மூர்ப் பிள்ளைகள் வரைபடத்தில் விரல் வைத்துத் தேட வேண்டிய சின்ன நாடு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதில் முதல் உலகக் கால்பந்துக் கோப்பையை வென்றது அந்த நாடுதான். வென்ற வெறியில் ஊரெல்லாம் கால்பந்து. தெருவெல்லாம் கால்பந்து. ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் மைதானம் இருந்ததா? இல்லை. மழை பெய்தால் ஆட முடிந்ததா? இல்லை. அப்போது மான்டிவிடியோ நகரத்தில் ஓர் ஆசிரியர், கூடைப்பந்து ஆடும் கூடத்தின் கதவைத் திறந்துவிட்டார். அணிக்கு ஐந்து பேர் என்றார். கூரைக்குக் கீழே ஆடுங்கள் என்றார். புரிகிறதா அய்யா? உலகம் முழுக்க இன்று ஃபுட்சால் என்று அழைக்கும் ஆட்டம் எதிலிருந்து பிறந்தது? பணத்திலிருந்தா? பதவியிலிருந்தா? ஒருவர் ஒரு கதவைத் திறந்ததிலிருந்து பிறந்தது!

(கைதட்டுகிறீர்கள், நன்றி. இன்னும் கொஞ்ச நேரத்தில் தட்டலாமா வேண்டாமா என்று யோசிப்பீர்கள்.)

அங்கிருந்து பிரேசிலுக்குப் போனது ஆட்டம். கூடத்துக்குள் பந்து துள்ளித் துள்ளி ஓடியது. என்ன செய்தார்கள்? பந்துக்குள் மரத்தூளைத் திணித்தார்கள், குதிரை முடியைத் திணித்தார்கள். துள்ளாத பந்து, தரையை விட்டு எழாத பந்து. கனத்த பந்தின் ஆட்டம் என்றே அதற்குப் பெயர் வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பதில் நெதர்லாந்தில், உலகக் கால்பந்தை நடத்தும் பெரிய அமைப்பின் முதல் உள்ளரங்க உலகக் கோப்பை. பிரேசில் வென்றது. பிறகு குவாத்தமாலாவில் ஸ்பெயின் அந்தப் பிரேசிலை வீழ்த்தியது. பிறகு அர்ஜென்டினா, பிறகு போர்ச்சுகல். கோப்பை கைமாறியது, கொடி மாறியது, கூட்டம் மாறியது. ஒன்று மட்டும் மாறவே இல்லை. ஆடியவர்கள் அத்தனை பேரும் ஆண்கள்.

பெண்களுக்கு முதல் உலகக் கோப்பை எப்போது தெரியுமா? போன டிசம்பரில். பிலிப்பைன்ஸில். ஆண்கள் ஆடத் தொடங்கி முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து! முப்பத்தாறு ஆண்டு பெண்கள் என்ன, கால் இல்லாமல் இருந்தார்களா? கூடம் இல்லாமல் இருந்தது. திறக்கிற கை இல்லாமல் இருந்தது. தலையை மூடிக்கொண்டு ஆடி இரண்டு முறை ஆசியப் பட்டம் வாங்கிய ஈரான் பெண்கள்கூட அந்தக் கதவு திறக்கும்வரை வாசலில்தான் நின்றார்கள்.

தலைப்பின் வெளிநாட்டுப் பகுதி முடிந்தது. இனி நம்மூர்ப் பகுதி.

இந்த விளையாட்டு அரங்கம் கட்டும்போது பண்ணைக்காரர் கொடுத்தார், லாரிக்காரர் கொடுத்தார், கூலிக்குத் தறி ஓட்டும் வீடுகளும் கொடுத்தன. 'பிள்ளைகள் விளையாட' என்று கல்லில் வெட்டி வாசலில் பதித்தார்கள். அந்தக் கல்லை இன்று யாராவது பார்த்தீர்களா? பார்த்திருக்க முடியாது. அதன்மேல் நாளைய மணமக்களை வாழ்த்தும் பேனர் தொங்குகிறது. வாழைமரம்கூடக் கட்டியாயிற்று. மணமக்கள் நன்றாக வாழட்டும். அவர்கள்மேல் எனக்கு என்ன கோபம்?

மயில்சாமி அய்யா கெட்டவர் என்று சொல்ல நான் மேடை ஏறவில்லை. வெளியில் போட்ட பந்தலில் மழை இறங்கி, சோற்றில் தண்ணீர் நின்று, தலையில் கைவைத்து அழுத ஒரு வீட்டுக்காரரைப் பார்த்த பிறகுதான் இந்த அரங்கத்தைக் கல்யாணத்துக்குத் திறந்துவிட்டார். அந்த மனசு பெரிய மனசு. ஆனால் அய்யா, ஒரு வாசலைத் திறந்த அந்தக் கை இன்னொரு வாசலைப் பூட்டிவிட்டதே! மூன்று வருடத்துக்கு முன்பு நாங்கள் சாவி கேட்டு வந்தோம். "ஆடி மாசம் வாங்க சாமி, அப்ப முகூர்த்தம் இல்ல" என்றீர்கள். ஆடியில் வந்தோம். தள்ளுபடி ஜவுளி விற்பனை! கோல் கம்பத்தில் நைட்டி தொங்கியது. "மார்கழில வாங்க சாமி" என்றீர்கள். மார்கழியில் வந்தோம். "தரைக்குப் பாலிஷ் போட்டிருக்குது, கால வெச்சிராதீங்க" என்றீர்கள். ஆடுவதற்காகப் போட்ட தரையில், ஆடினால் அழுக்காகும் என்று ஆடக்கூடாது! சிரிக்காதீர்கள் அண்ணா. நாங்கள் வாசலில் நின்றபோது எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போது எங்களுக்குக் கூரை கொடுத்தவர் பொன்னாயி அம்மா. அதோ, மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொள்கிறாரே, அவர்தான். சின்னப் பண்ணை. அதில் ஒரு குஞ்சுக் கொட்டகை. பண்ணைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். குஞ்சுகள் வளர்ந்து முட்டைக் கூண்டுக்கு மாறியதும், கொட்டகையைக் கழுவி, சுண்ணாம்படித்து, அடுத்த குஞ்சு வரும்வரை சும்மா போட்டு வைப்பார்கள். சிமென்ட் தரை, மேலே கூரை, பக்கத்தில் கம்பிவலை. எங்கள் அணித் தலைவி மஞ்சுளா போய்க் கேட்டாள்.

"ஏனுங்கம்மா, கொட்டகை சும்மாத்தானுங்க கெடக்குது. பந்தாடிக்கட்டுங்களா?"

"ஆடிக்க சாமி. ஆனா பல்பு ஒடஞ்சுதுன்னா அன்னிக்கே ஆட்டம் முடிஞ்சுது."

பல்பு. இந்தச் சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குஞ்சுக்குச் சூடு வேண்டும் என்பதற்காக அந்தக் கொட்டகையில் பல்புகளைத் தாழத் தொங்கவிட்டிருப்பார்கள். தண்ணீர்க் குழாயும் தாழத்தான் ஓடும். பந்து இடுப்புக்குமேல் எழுந்தால் பல்பு உடையும். உடைந்தால் ஆட்டம் போகும். ஆகவே எங்கள் பெண்கள் தாங்களாகவே ஒரு சட்டம் போட்டார்கள்: பந்து முட்டிக்குமேல் எழுந்தால் தப்பாட்டம். பழைய பந்தைக் கிழித்து நெல் உமியைத் திணித்துத் தைத்தார்கள். பிரேசில்காரன் மரத்தூளைத் திணித்தான், இவர்கள் உமியைத் திணித்தார்கள். யாரும் யாரிடமும் கேட்கவில்லை. இல்லாமை எல்லா நாட்டிலும் ஒரே பாடத்தைத்தான் நடத்துகிறது.

என்னங்கண்ணா? சத்தமாகக் கேளுங்கள். "கொட்டகைக்குள்ள ஆள் போனா சீக்கு வராதா?" நல்ல கேள்வி, பண்ணைக்காரர் கேட்கும் கேள்வி. அதனால்தான் பொன்னாயி அம்மா வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறார். அதில் காலை நனைக்காமல் ஒரு பெண்ணும் உள்ளே போனதில்லை. "கால நனை, கால நனை" என்று அந்தம்மா கத்துகிற கத்தலில் கோழியே காலை நனைக்கும். பாருங்கள், இப்போதுதான் சிரிக்கிறார்.

அந்தக் கொட்டகையில் வளர்ந்தவள் எங்கள் கோல்கீப்பர் தீபிகா. இதோ, ஓரத்து நாற்காலியில் இருப்பவள். லாரி டிரைவர் குருமூர்த்தி அண்ணன் மகள். தரையோடு வருகிற பந்தை இவளிடமிருந்து தப்பவைப்பது, சாணியில் விழுந்த கோதுமையைக் கோழியிடமிருந்து தப்பவைப்பது போல. முடியாது.

போன ஆவணியில் தீபிகாவின் அக்காவுக்கு இதே அரங்கத்தில் கல்யாணம். பட்டுப்பாவாடை, தலைநிறையப் பூ, கையில் சீர்த்தட்டு. எல்லோரும் மணமகளைப் பார்க்கிறார்கள். இவள் தரையைப் பார்க்கிறாள். நடந்துகொண்டே கட்டைவிரலால் கம்பளத்தை அழுத்தி அழுத்திப் பார்க்கிறாள். குருமூர்த்தி அண்ணன் பதறிப்போய், "ஏம்புள்ள, தோடு கீடு விழுந்துருச்சா? என்னத்தத் தேடற?" என்றார்.

"கோடு தேடறேனுங்கப்பா."

"கல்யாணத்துல என்ன கோடு?"

"இங்கதானுங்கப்பா எங்கேயோ பெனால்டிக் கோடு இருக்குது. நான் நிக்க வேண்டிய எடம்."

சொல்லிவிட்டு அண்ணாந்து பார்த்தாளாம். பார்த்தவள் தட்டோடு நின்றுவிட்டாளாம். "அப்பா, மேல பாருங்க! ஒரு பல்புகூடக் கைக்கு எட்டாதுங்கப்பா!"

அண்ணன் இதை என்னிடம் சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் தேடிய கோட்டின்மேல் அன்று ரசவாளி இருந்தது. கறை இன்னும் இருக்கிறது, இந்தக் கம்பளத்துக்கு அடியில். திருட்டுப் பொருள் என்று முதலில் சொன்னேனே, அது இந்தத் தரைதான்.

பிறகு சென்னை. மாநிலப் போட்டி. கண்ணாடி மாதிரித் தரை, கண் கூசும் விளக்கு. எங்கள் பெண்கள் அரங்க வாசலில் போய் நின்றார்கள். உள்ளே போகவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கிறார்கள். காவலாளி வந்து, "இன்னாம்மா தேடறீங்க?" என்றார். மஞ்சுளா மரியாதையாகக் கேட்டாள்: "கால் நனைக்கிற தொட்டி எங்கிருக்குதுங்கண்ணா?"

மற்ற அணிகளெல்லாம் சிரித்தன. விஷயம் பரவி, எங்களுக்கு 'கோழிப்பண்ணை டீம்' என்று பெயர் வந்தது. நாங்கள் களத்தில் இறங்கும்போதெல்லாம் மேலிருந்து "கொக்கொக்கோ" என்று கூவினார்கள். மோகனப்பிரியா என்று எங்கள் முன்கள ஆட்டக்காரி ஒருத்தி, வாய் கொஞ்சம் நீளம், அண்ணாந்து கத்தினாள்: "கூவுங்க கண்ணு, கூவுங்க! விடிஞ்சாத்தான கோழி கூவும். உங்களுக்கு இப்பத்தான் விடியுது!"

விடிந்தது. முதல் ஆட்டத்தில் விடிந்தது. இரண்டாம் ஆட்டத்தில் விடிந்தது. அரையிறுதியில் வெளிச்சம் கண்ணைப் பறித்தது. பந்து தரையை விட்டு எழவே இல்லை. கால்களுக்கு நடுவே, கோடுகளுக்கு நடுவே, பாம்பு மாதிரிப் போனது பந்து. கூவியவர்கள் கைதட்டினார்கள். நம் பெண்கள் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார்கள்!

இருங்கள், இருங்கள். விசில் அடிக்காதீர்கள். கதை இங்கே முடிந்திருந்தால் நான் நன்றி சொல்லி உட்கார்ந்திருப்பேன்.

இறுதிப் போட்டியில் எதிரணிப் பயிற்சியாளர் கெட்டிக்காரர். பாதி ஆட்டம் வரைக்கும் பார்த்தார். சமநிலை. பிறகு கோட்டோரம் வந்து நின்று ஒரே வார்த்தையைக் கத்தினார்: "மேல போடு! மேல போடு!"

போட்டார்கள். பந்து தலைக்குமேல் வந்தது. தீபிகா கீழே விழுந்தாள். மறுபடி தலைக்குமேல் வந்தது. மறுபடி கீழே விழுந்தாள். நெஞ்சுயரத்துக்குமேல் அவள் கை எழவே இல்லை. கடைசிப் பந்து எவ்வளவு மெதுவாக வந்தது தெரியுமா? சின்னக் குழந்தை பிடித்துவிடும். அது அவள் தலைக்குமேல் மிதந்து, வலைக்குள் போய், அவள் முதுகுக்குப் பின்னால் தொப்பென்று விழுந்தது. அவள் கை இரண்டும் முழங்காலுக்குப் பக்கத்தில் விரிந்தபடி இருந்தன.

எனக்குக் கோபம். மறைக்க மாட்டேன். போய்த் தோளைப் பிடித்து, "ஏன் கையத் தூக்கல?" என்று கேட்டேன். அவள் அழவில்லை. அவளுக்கே புரியாத மாதிரித் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"தூக்கத்தானுங்க்கா பாத்தேன். கை போவலீங்க்கா. பல்பு ஒடஞ்சிரும்னு தோணுச்சுங்க்கா."

இரண்டாம் பரிசு என்று பாராட்டு விழா எடுக்கிறீர்களே, அந்த இரண்டாம் பரிசு இதுதான் அய்யா. இல்லாத பல்புக்குப் பயந்து ஒரு பெண்ணின் கை எழவில்லை. நூறு வாட் வெளிச்சத்தில் குனிந்து குனிந்து வளர்ந்த பிள்ளை, கூரை உயர்ந்த பிறகும் குனிந்தே நின்றாள். கேட்கிறேன், இது அவள் தோல்வியா? எங்கள் அணியின் தோல்வியா? கொட்டகை கொடுத்த பொன்னாயி அம்மாவின் தோல்வியா? தனக்கென்று உயரமான கூரை ஒன்று சொந்த ஊரில் இருந்தும், அதற்கடியில் நிமிர்ந்து நிற்க விடாத நம் எல்லோரின் தோல்வியா?

ஒரு துண்டுச்சீட்டு வந்திருக்கிறது. 'சுருக்கமாக முடிக்கவும்.' முடிக்கிறேன். முப்பத்தாறு ஆண்டு வரலாற்றைப் பத்து நிமிடத்தில் கேட்டது நீங்கள்தான்.

போட்டி முடிந்ததும் மாநில அணித் தேர்வாளர் ஓர் அம்மையார் தீபிகாவைக் கூப்பிட்டார். "கீழே வரும் பந்துக்கு உன்னைவிடச் சிறந்த கீப்பரை நான் பார்த்ததில்லை. மேலே வரும் பந்துக்கு நீ இன்னும் விளையாடத் தொடங்கவே இல்லை. மாசி மாதம் மறுபடி தேர்வு வைக்கிறேன். உனக்காக ஓர் இடத்தை நிறுத்தி வைக்கிறேன். நிமிரக் கற்றுக்கொண்டு வா" என்றார். பெண்களுக்கு உலகக் கோப்பை பிறந்து இப்போதுதான் தொட்டில் ஆடுகிறது. நம் நாடே பெண்கள் அணியை இப்போதுதான் வெளியே அனுப்பத் தொடங்கியிருக்கிறது. அந்தப் பாதையின் முதல் படி, இந்தப் பெண்ணுக்கு மாசியில் இருக்கிறது. இன்று தை.

அவள் எங்கே போய் நிமிரட்டும்? கொட்டகையிலா? அங்கே பல்பு. அந்தக் கொட்டகையும் இனி இல்லை. நாளை மறுநாள் பொன்னாயி அம்மாவுக்குக் குஞ்சு இறங்குகிறது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அது அவர் பிழைப்பு. "என்ன பண்றது சாமி, குஞ்சுக்குச் சொல்லி நிறுத்த முடியுங்களா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கோழிக்குஞ்சுக்குக் கூரை உண்டு. குளிருமே என்று விளக்கு உண்டு. குடிக்கக் குழாய் உண்டு. நம் பெண் குழந்தைக்கு மட்டும் பேனரும் பொன்னாடையும்!

பொன்னாடை வேண்டாம் அய்யா. கேடயம் வேண்டாம். சிங்கம் புலி எதுவும் வேண்டாம். கல்யாணத்தை நிறுத்தவும் கேட்கவில்லை. முகூர்த்த நாளை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளில், விடிகாலையில், சமையல்காரர் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் எங்களை உள்ளே விடுங்கள். கம்பளத்தைச் சுருட்டுவதும் நாங்களே, விரிப்பதும் நாங்களே. ரசக்கறையையும் நாங்களே துடைக்கிறோம். வேண்டுமானால் வாசலில் ஒரு தொட்டி வையுங்கள், காலை நனைத்துக்கொண்டே வருகிறோம்.

தீபிகா, எழுந்து வா சாமி. கேடயத்தைக் கீழே வை. இங்கே நில், என் பக்கத்தில். கையைத் தூக்கு. இன்னும். இன்னும் மேலே. பயப்படாதே, பார், இங்கே பல்பு இல்லை. முழுசாகத் தூக்கு. அப்படித்தான்.

பார்த்துக்கொள்ளுங்கள் ஊரே. இந்தக் கை இந்த உயரத்துக்கு வந்து நான் இன்றுதான் பார்க்கிறேன்.

தலைமை தாங்கிய அய்யாவுக்கு நன்றி. முன்வரிசைப் பெரியோருக்கு நன்றி. பட்டறை அண்ணன்மார்களுக்கும், தறியை நிறுத்தி வந்த தாய்மார்களுக்கும், சுவரோரம் நின்ற தங்கைகளுக்கும், பல்பைக்கூட நம்பி எங்களிடம் விட்ட பொன்னாயி அம்மாவுக்கும் நன்றி. நல்லபடியாக வீடு போய்ச் சேருங்கள். உங்கள் வீட்டில் பெண்பிள்ளை இருந்தால், அவளுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நான் உட்காரப் போவதில்லை. தீபிகாவும் கையை இறக்கப் போவதில்லை.

மயில்சாமி அய்யா, சற்றுமுன் நீங்கள் கைதட்டியபோது உங்கள் இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கியது. மைக்கில் கேட்டது. எல்லோருக்கும் கேட்டது. அதில் ஒன்று இந்த அரங்கத்துச் சாவி.

அதைக் கொடுங்கள்.

பிறகு பார்க்கலாம் என்று தலையாட்டாதீர்கள் அய்யா. பக்கத்தில் இருக்கும் குழுச் செயலாளரைப் பார்க்காதீர்கள். இங்கே பாருங்கள், இந்தக் கையைப் பாருங்கள். இன்னும் மேலேதான் இருக்கிறது.

அய்யா... சாவி?